இன்னும் கொஞ்சம், பாப்பா

1935 ஜனவரி 7, திங்கள்

வேணு நாயுடு தன் மகளைத் தின்று உயிர் வாழ்கிறான். கோபத்தில் எழுதவில்லை. நிலத்தில் விளைந்ததைத் தின்கிறவன் குடியானவன். மகள் நடித்ததைத் தின்கிறவன் நாயுடு. அவ்வளவுதான்.

புது நோட்டு, ஆகையால் முறையாக ஆரம்பிக்கிறேன். இன்று எங்கள் கம்பெனியின் முதல் பேசும் படத்துக்குப் பூஜை. பூந்தமல்லி ஹைரோடில் ஒரு பாழடைந்த பங்களாவின் தோட்டம்தான் ஸ்டூடியோ. மேலே கூரை கிடையாது, சூரியன்தான் விளக்கு. முதலாளியும் டைரக்டரும் ஒருவரே: தெய்வநாயகம் பிள்ளை, திருநெல்வேலிக்காரர். பால முருகனாக நடிப்பது நாயுடுவின் மூத்த மகள் அலமேலு, எட்டு வயது. நோட்டீஸில் அவள் பெயர் 'கண் இமையாத தெய்வக் குழந்தை பேபி அலமேலு'.

ஊமைப்படத்தில் வாங்கிய பட்டம் அது. தேவர்களுக்கு இமை கொட்டாது, கால் தரையில் பாவாது, சூடிய மாலை வாடாது என்பது பிள்ளை படித்த சாஸ்திரம். காலைப் பலகைமேல் ஏற்றிவிடலாம். மாலையை மணிக்கொரு தரம் மாற்றலாம். இமைக்கு மட்டும் மாற்று வழி இல்லை; அலமேலு வேண்டும். நான்கு வயதில் கண்ணன் வேஷத்தில் ஒரு நிமிஷம் முழுக்க இமைக்காமல் நின்றாள். டெண்ட் கொட்டகையில் அந்த இடம் வந்தபோது ஜனங்கள் திரைக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். சோற்றுக்கு வழியில்லாத ஜனங்கள். கொட்டகை பற்றிக்கொள்ளாதது ஆச்சரியம்.

நாயுடு நாள் முழுக்கப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். மனைவி இல்லை, இரண்டாவது பெண்ணைப் பெற்றுப் போட்டுவிட்டுச் செத்துப்போனாள். அந்த இரண்டாவது, சின்னி, மூன்றரை வயது, எப்போதும் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிகிறது.

அலமேலுவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பேசுகிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை. என்னிடம் பேசும்போது என் காதைப் பார்க்கிறாள். நான் ஊமைப்பட நாளிலிருந்து இங்கே இருக்கிறேன், இப்போது வெளிச்சம் முழுக்க என் பொறுப்பு, எனக்குக் கீழே இரண்டு ஆட்கள். ஏகாம்பரம் அண்ணா என்று கூப்பிடுகிறாள், பார்ப்பது மட்டும் காதை.

ஜனவரி 9

காக்காய்கள். மைக் வைத்த பிறகுதான் பட்டணத்தில் இத்தனை காக்காய் உண்டென்று தெரிகிறது. சுடுவதற்கென்றே ரொசாரியோ என்று ஒருவரைத் துப்பாக்கியோடு வைத்திருக்கிறார்கள். இன்று நான்கு வெடி. மூன்று ஷாட் வீண். காக்காய் ஒன்றும் சாகவில்லை.

ஜனவரி 12, சனி

ஊமைப்படத்தில் பிள்ளை தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, காமிரா ஓடும்போதே கத்துவார்: "திரும்பு! கையத் தூக்கு! இமைக்காதே! இமைக்காதே!" இப்போது மைக் முன்னால் அவர் வாயைத் திறக்க முடியாது. பாவம், தொண்டை நரம்பு புடைக்க மௌனமாக உட்கார்ந்திருக்கிறார். அலமேலு தானாகவே இமைக்காமல் நிற்கிறாள். கத்த வேண்டிய அவசியமே இல்லாமல் பழக்கிவிட்டோம். இல்லை, பழக்கிவிட்டார்கள்.

வசனத்தைக் கரும்பலகையில் சாக்கட்டியால் பெரிதாக எழுதிக் காமிராவுக்குப் பக்கத்தில் பிடிப்பது என்று ஏற்பாடு. அலமேலு பலகையைப் பார்த்தபடி சும்மா நின்றாள்.

"என்னம்மா, படியேன். எழுத்தெல்லாம் ஆனை மாதிரில்லா எழுதியிருக்கு" என்றார் பிள்ளை.

"அதுக்குப் படிப்பு வராதுங்க. பள்ளிக்கூடமே போவல" என்று நாயுடு நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தான்.

பொய். இரண்டு வருஷத்துக்கு முன் சுவரொட்டியில் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தவள் அவள். நானே கேட்டேன்.

"நீங்க ஒரு தபா படிச்சுச் சொல்லுங்க மாமா. போதும்" என்றாள் அலமேலு.

பிள்ளை படித்தார். பதினான்கு வரி. ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். வெடிச் சத்தம் என்று நினைத்துக் காக்காய்கள் பறந்தன. ரொசாரியோவுக்கு ஒரு தோட்டா லாபம்.

ஜனவரி 14, பொங்கல்

லீவு. இரண்டு வேட்டி துவைத்தேன். பேனா முள் மாற்றினேன். மாலையில் கடற்கரைக் கூட்டம். பீடிக் கம்பெனிகளில் ஆறு வயதுக் குழந்தைகள் இலை நறுக்குவதைப் பற்றி ஒருவர் பேசினார். குழந்தையின் விரலை விற்றுத் தின்கிற சமூகம் நாறட்டும் என்றார். உள்ளங்கை சிவக்கக் கை தட்டினேன். திரும்பும்போது கூட வந்த ஒருவர் நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சினிமாவில் என்றேன். குடுத்து வைத்தவர் என்றார்.

ஜனவரி 23, புதன்

மத்தியானச் சாப்பாட்டில் நடந்தது. அலமேலு எனக்கு எதிரே இலையில் உட்கார்ந்திருந்தாள். அப்பளத்தைத் தேடுகிற மாதிரி இலை முழுக்கத் தடவிக்கொண்டிருந்தாள். சின்னி அவள் காதில், "அக்கா, அந்தாண்ட" என்றது. கை நேராக அப்பளத்துக்குப் போனது. "ரசம் கொதிக்குது அக்கா." கை நின்றது.

எனக்கு எரிச்சல். தன் இலையைப் பார்த்துச் சாப்பிடக்கூட இந்த ஸ்டாருக்கு ஆள் வேண்டுமா?

"ஏன் பாப்பா, எலையப் பாக்கமாட்டே, எங்க மூஞ்சியும் பாக்கமாட்டே. அவ்ளோ கேவலமாவா இருக்கோம்?"

அவள் சிரித்தாள். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது.

"பாத்தா நீங்க காணாப் பூடுவீங்க அண்ணா."

"காணாப் போறதா?"

"ஆமா. மூஞ்சியப் பாத்தா மூஞ்சி இருக்காது. காதப் பாத்தா மூஞ்சி ஓரமா வரும். எலையப் பாத்தா நடுவுல அப்பளமே இருக்காது."

"இருக்காதுன்னா?"

"நடுவுல ஒரு தோசை இருக்குது. சாம்பக் கலர்ல. எங்க பாத்தாலும் கூடவே வருது. பெரிய பெரிய எழுத்தெல்லாம்கூட தின்னுடுது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாமாகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா நைனா சின்னிய வேஷங்கட்டச் சொல்லுவாரு."

சின்னி என் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

ஜனவரி 24

எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஊமைப்படத்திலிருந்தாம். முதலில் சின்னதாக, கடலையளவு. படத்துக்குப் படம் பெரிதாயிற்றாம்.

ஊமைப்படத்தில் தெய்வத்தின் கண்ணில் ஒளி வரவேண்டும் என்பதற்காக, நிலைக்கண்ணாடி வைத்துச் சூரிய வெளிச்சம் அடிக்கப்பட்டது. எல்லாக் கம்பெனியிலும் அடிக்கப்பட்டது. இதைத் தடுக்க ஒரு சட்டம் உண்டா இந்த நாட்டில்? கிடையாது. பேசும் படத்திலும் அதே கண்ணாடிகள்தான். முகத்துக்கு மட்டும் இதுவரை அடிக்கவில்லை. கடைசிக் காட்சி இன்னும் வரவில்லை.

ஜனவரி 29, செவ்வாய்

மேகமூட்டம். ஷூட்டிங் இல்லை. ரிப்பன் வாங்கித் தருகிறேன் என்று நாயுடுவிடம் சொல்லிவிட்டு அலமேலுவை எழும்பூருக்குக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சின்னியும் ஒட்டிக்கொண்டு வந்தது. டிராமில் ஒரு அம்மாள் அலமேலுவை அடையாளம் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அலமேலு அவள் குரல் வந்த திசையில் கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, "பாட்டியா, அத்தையா?" என்றாள்.

டாக்டர் கண்ணில் மருந்து விட்டு இருட்டறையில் வைத்து வெகு நேரம் பார்த்தார். நல்ல மனிதர். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கிரகணத்தன்னைக்கு வெறுங்கண்ணால சூரியனப் பாத்தாளா? இந்த மாதிரி ரெண்டு கண்ணுலயும் நட்ட நடுவுல சுட்டிருக்கறது கிரகணம் பாத்தவங்களுக்குத்தான் வரும்."

"ஆமாங்க" என்றேன். "கிரகணந்தான்."

அவருக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். விளக்கிச் சொல்ல நேரம் இல்லை.

சுட்டது சுட்டதுதான், திரும்பாது என்றார். சுற்றிலும் இருக்கிற பார்வையையாவது காப்பாற்றலாம். இனிமேல் வெயிலை ஏறிட்டுப் பார்க்கவே கூடாது. சின்னியைப் பார்த்து, "இதுவும் பாத்துதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இதுக்காவது சொல்லி வைங்க."

ரிப்பன் வாங்கினேன். சிவப்பு வேண்டும் என்றாள். ஏன் சிவப்பு என்றேன். ஓரத்தில் வந்தாலும் தெரியும் என்றாள்.

பிப்ரவரி 2, சனி

நாயுடுவை வேலிப் பக்கம் தள்ளிக்கொண்டுபோய்க் கேட்டேன். நேராகவே கேட்டேன். உன் பொண்ணுக்குக் கண் போய்விட்டது, நீ டீ குடிக்கிறாய் என்றேன்.

அவன் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வரவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா ஏகாம்பரம்? டெய்லி ராவு சோத்துல கைய வெச்சுத் தடவுதே, பாத்துகினுதான் கீறேன். நான் நாடகத்துல ராஜபார்ட் கட்டினவன். தொண்ட பூட்ச்சு. தொண்ட போன ராஜாவுக்கு யாருப்பா சோறு போடுவான்? மூட்ட தூக்கப் போனேன், முதுவு புடிச்சிகிச்சு. அப்பால இன்னா பண்ணச் சொல்றே?"

"அதுக்காகக் குழந்தையச் சூரியனப் பாக்கச் சொல்லிப் பழக்குவியா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நான் பழக்கினது மெழுகுவத்தில. வூட்ல, சோறு தின்னாப்பறம். இமைக்காம பாருடா கண்ணான்னு வெள்ளாட்டாத்தான் பழக்கினேன். மெழுகுவத்தி எந்தக் கொழந்த கண்ணயும் சுட்டதில்லப்பா. கண்ணாடில சூரியனப் புடிச்சு எம்பொண்ணு மூஞ்சில அடிச்சது நானா?"

பிப்ரவரி 3

நாயுடு பேச்சை மாற்றுகிறான். தகப்பன் அவன்தானே?

பிப்ரவரி 4

தலைவலி. ஹோட்டலில் இட்லி புளித்திருந்தது.

பிப்ரவரி 11, திங்கள்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

கண்ணன் படம் எடுத்தபோது எனக்குப் பதினெட்டு வயது. வாலாஜாவிலிருந்து வந்து மூன்று மாதம். கண்ணாடி பிடிப்பதுதான் வேலை. பிள்ளை காமிராவுக்குள் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் ஒரு பொட்டு வெளிச்சம் வரணும்வே, ஏத்தும், இன்னும் ஏத்தும்" என்றார். ஏற்றினேன். கன்னத்திலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து கண்ணுக்கு. அந்தக் காட்சி மட்டும் பதினோரு நாள். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. அவள் கண்ணில் தண்ணீர் கொட்டும், துடைத்துவிட்டு மறுபடி நிற்பாள். படம் ஓடியதும் பிள்ளை என் முதுகில் தட்டி, தெய்வத்துக்குக் கண் திறந்தவன் நீதான் என்றார். அதற்குப் பிறகு நான்கு படம்.

கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருக்கலாம். என் முகத்தில் ஒரு தரம் தவறி அடித்தபோது அன்று முழுக்க எனக்குக் கண் தெரியவில்லை. ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

ஆனால் உத்தரவு பிள்ளையுடையது. ஆதாயமும் பிள்ளையுடையது. எனக்கு என்ன வந்தது? மாதச் சம்பளமும் மத்தியானச் சாப்பாடும்.

பிப்ரவரி 20, புதன்

கடைசிக் காட்சிக்கு ஒத்திகை. முருகன் மயில் பலகைமேல் நின்று எட்டு வரிப் பாட்டு முடிகிறவரை இமைக்காமல் உலகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளை முகத்துக்கு வெளிச்சம் கேட்டார். ஆட்களை விலக்கிவிட்டு நானே கண்ணாடி பிடித்தேன். வெளிச்சத்தைக் கழுத்துக்குமேல் ஏற்றவில்லை.

இதை இங்கே பதிவு செய்கிறேன். ஏற்றவில்லை.

பிள்ளை காமிராவிலிருந்து தலையை எடுத்தார்.

"என்னவே ஏகாம்பரம், கை வாதமா? கண்ணு செத்துக் கிடக்கு. ஏத்தும்."

"ஏத்தியாச்சுங்க."

அவர் எழுந்து நேராக அலமேலுவிடம் போனார். பேசாமல் ஒரு லட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் சிரித்தபடியே நின்றாள். லட்டை மூக்குவரை கொண்டுபோனார். வாசனை வந்த பிறகுதான் கையைத் தூக்கினாள்.

பிள்ளை அங்கேயே பலகைமேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். கெட்டவன் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். அவர் கண் கலங்கியிருந்தது.

"எத்தன நாளாம்மா இப்பிடி?"

"தெரியுது மாமா. ஓரமா நல்லாத் தெரியுது. நானே நிக்கிறேன்."

"நீ நிப்பே தாயி. ஆனா உன் கண்ணு பாக்கலியே. தெய்வம் பாக்கணும்லா?" மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். "இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்காண்டாம். தெனம் ஒரு டம்ளர் பால் குடுங்க." பிறகு நாயுடு பக்கம் திரும்பினார். "சின்னதுக்கு அதே முகம்லா நாயுடு? முருகன் கடைசியில சின்னக் குழந்தையா மாறிக் காட்சி குடுக்கான்னு வச்சிருவோம். முகம் சின்னதோடது. பாட்டு இவ ஓரமா நின்னு பாடட்டும்."

ஒரு மனிதன் உண்மையாக அழுதுகொண்டே இதை யோசிக்க முடியும் என்பதை இன்று பார்த்தேன்.

நாயுடு டீ டம்ளரைக் கீழே வைத்தான். அலமேலு, "மாமா, நானே நிக்கிறேன்" என்று மறுபடி சொன்னாள். ரொசாரியோ ஒரு வெடி வைத்தார். அதில் அமுங்கிப்போயிற்று.

மார்ச் 1, வெள்ளி

நாயுடு வீட்டுக்குப் போயிருந்தேன். மெழுகுவர்த்தி. சின்னி அதைப் பார்த்துச் சிரிக்கிறது, ஊதி அணைக்கிறது. இரண்டு முறை ஊதியதற்கு நாயுடு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் முறை அறைந்தான். அறைந்துவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அலமேலு சுவரோரம் உட்கார்ந்து பாட்டைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே நான்காவது வரியில் பிசகினாள். அவளுக்கா மறக்கும்? பாட்டு வராவிட்டால் காட்சி நின்றுவிடும் என்று பார்க்கிறாள். நாயுடு, "பரவால்ல, இன்னொருத்திய வெச்சுப் பாடிக்கலாம்னுட்டாரு மாமா" என்றான். அதற்குப் பிறகு பிசகவில்லை.

மார்ச் 4

பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். முதலாளி வர்க்கம் பக்தியை எப்படிச் சரக்காக்குகிறது, அந்தச் சரக்கின் கீழே யாருடைய உடம்பு கிடக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது. டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒரு முறை திருத்தி எழுத வேண்டும்.

மார்ச் 6, புதன்

நாளை எடுக்கிறார்கள். மேகம் இல்லை. பிள்ளை நான்கு கண்ணாடி கேட்டிருக்கிறார். நடுக் கண்ணாடியை நான் பிடிக்க வேண்டுமாம், கை பழகின ஆள் என்று.

நான்கு மணிக்குக் கொட்டகையில் கண்ணாடிகளைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அலமேலு சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தாள். தனியாக வந்தாள், சின்னியை நாயுடு தோளில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருந்தான், நாளைக்கு முகம் தெளிவாக இருக்க வேண்டும் என்று.

"எத்தன கண்ணாடி அண்ணா?"

"நாலு."

"எனக்கு ரெண்டுதான் வெச்சீங்க."

நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு அப்பவே தெரியும், கண்ணாடிக்குப் பின்னால நீங்கதான்னு" என்றாள். "மாமா கொழாயில கத்துவாரு. நைனாவும் கத்துவாரு. நீங்க மட்டும் மெதுவா, 'இன்னும் கொஞ்சம் பாப்பா, இன்னும் கொஞ்சம்'னு சொல்லுவீங்க. மூடிக்கலாம்னு நெனைப்பேன். உங்க கொரல் கேக்கும். நின்னுடுவேன்."

இதை நான் இந்த நோட்டில் எழுதியிருக்கவில்லை. மறந்துபோய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

"நான் புடிக்கலேன்னா வேற ஆளு புடிப்பான் பாப்பா" என்றேன்.

"புடிக்கட்டும்."

"எனக்கு வேல போயிடும்."

"எனக்குந்தான் பூட்ச்சு."

அவளுக்குப் புரியவைக்க வேண்டும் என்று நினைத்தேன். இது ஒருவர் இருவர் செய்த தப்பு இல்லை, உன் அப்பா பசியில் செய்கிறார், பிள்ளை வியாபாரத்துக்குச் செய்கிறார், கற்பூரம் ஏற்றுகிற ஜனங்களும் இதில் சேர்த்திதான், இந்த ஏற்பாடு முழுவதையும் வேரோடு மாற்றாமல் ஒரு கண்ணாடியை மட்டும் கீழே வைப்பதால் ஒன்றும் ஆகாது என்றேன். கடற்கரையில் பேசியவரைவிட நன்றாகவே பேசினேன். அவள் குறுக்கே பேசாமல், வசனம் கேட்கிற மாதிரி முழுக்கக் கேட்டாள்.

"எல்லாம் சரி அண்ணா" என்றாள். "மாமாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நைனாகிட்டயும் வேணாம். எங்கிட்ட சொல்லுங்க. நாளைக்குச் சின்னிக்குக் கண்ணாடி புடிப்பீங்களா, மாட்டீங்களா?"

வெளியே பிள்ளை யாரிடமோ நாளைக்கு எத்தனை சாப்பாடு என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கையில் சாம்பல் துணி இருந்தது. ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தேன்.

அவள் போகவில்லை.

"மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.